உரையாடல் பகுப்பாய்வின் அடிப்படைக் கலைச்சொற்கள்

உரையாடல் பகுப்பாய்வு என்பது மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசும் பேச்சு எவ்வாறு ஒழுங்குபடுகிறது என்பதை, இயல்பாக நிகழ்ந்த பேச்சின் பதிவுகளைக் கொண்டு ஆராயும் துறையாகும். சமூகவியலில் பிறந்த இத்துறை இன்று மொழியியல், மானிடவியல், உளவியல், கணினியியல், மருத்துவக் கல்வி ஆகியவற்றிலும் பயன்படுகிறது. ஒரு சொல்லின் பொருள் என்ன என்று கேட்பதைவிட, அந்தச் சொல் அந்த இடத்தில், அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று கேட்பதே இதன் அணுகுமுறை. "கதவு திறந்திருக்கு" என்ற தொடர் ஒரு செய்தியாக இருக்கலாம். கதவைச் சாத்தச் சொல்லும் வேண்டுகோளாக இருக்கலாம். உள்ளே வரச் சொல்லும் அழைப்பாகவும் இருக்கலாம். எதுவென்பதை முடிவுசெய்வது அதற்கு முன்னும் பின்னும் நிகழும் பேச்சு.

இக்கட்டுரை அத்துறையிலும் அதற்கு நெருக்கமான துறைகளிலும் வழங்கும் முதன்மையான கலைச்சொற்களை விளக்குகிறது. இதில் வரும் தமிழ் எடுத்துக்காட்டுகள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. உண்மையான ஆய்வில் இவ்வாறு அமைத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டுகளை ஏற்பதில்லை. பதிவுசெய்யப்பட்ட பேச்சே சான்றாகக் கொள்ளப்படும்.

துறையின் தோற்றம்

அமெரிக்கச் சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸ் (1935–1975) இத்துறையைத் தொடங்கியவர். 1960களின் முற்பகுதியில் லாஸ் ஏஞ்சலிசில் உள்ள தற்கொலைத் தடுப்பு மையம் ஒன்றுக்கு வந்த தொலைபேசி அழைப்புகளின் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். மையத்தின் பணியாளர் தம் பெயரைச் சொன்னால், அழைத்தவரும் பெரும்பாலும் தம் பெயரைச் சொன்னார். ஓர் அழைப்பில் மட்டும், பணியாளர் பெயரைச் சொன்னதும், அழைத்தவர் தமக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றார். பணியாளர் மீண்டும் பெயரைச் சொன்னார். பேச்சு நகர்ந்துவிட்டது; அழைத்தவரின் பெயர் வரவேண்டிய இடமும் கடந்துவிட்டது. "கேட்கவில்லை" என்ற சொல் காதுகேளாமையைத் தெரிவிப்பதோடு, பெயரைச் சொல்லாமல் தவிர்க்கும் வேலையையும் செய்திருக்கலாம் என்று சாக்ஸ் கண்டார். பேச்சில் இன்னது வரவேண்டும் என்ற இடங்கள் உண்டு, அந்த இடங்களை மனிதர்கள் அறிந்தே கையாளுகிறார்கள் என்ற கருத்து இங்கிருந்து வளர்ந்தது.

அன்றாட நடத்தையின் ஒழுங்கை ஆராய்ந்த ஹரால்ட் கார்ஃபிங்கல், நேருக்குநேர்ப் பழக்கத்தை ஆராய்ந்த எர்விங் கோஃப்மன் ஆகியோரின் தாக்கம் சாக்ஸிடம் உண்டு. அவருடன் இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் ஆகிய இருவரும் இணைந்து பணியாற்றினர். 1974ஆம் ஆண்டு மூவரும் 'லாங்குவேஜ்' என்ற மொழியியல் இதழில் வெளியிட்ட, முறைமாற்றம் பற்றிய கட்டுரை இத்துறையின் அடித்தளமாகக் கருதப்படுகிறது. அடுத்த ஆண்டே சாக்ஸ் சாலை விபத்தில் இறந்தார். அவருடைய வகுப்புரைகளை ஜெஃபர்சன் பதிப்பிக்க, அவை 1992இல் நூலாக வந்தன.

தரவும் படியெடுப்பும்

பேச்சுத் தரவு: ஆய்வுக்காகத் திரட்டப்பட்ட பேச்சுப் பதிவு. பேசுபவரின் ஒப்புதலுடன் பதிவுசெய்வதும், பெயர் முதலிய அடையாளங்களை மறைப்பதும் ஆய்வு நெறி. பல பதிவுகளைத் தேடக்கூடிய வகையில் தொகுத்து வைத்தால் அது பேச்சுத் தரவகம் எனப்படும்.

படியெடுப்பு: ஒலியை எழுத்தில் இறக்குதல். என்ன பேசப்பட்டது என்பதோடு எப்படிப் பேசப்பட்டது என்பதையும் இது காட்டவேண்டும். இதற்கெனக் கெயில் ஜெஃபர்சன் உருவாக்கிய குறியீட்டு முறை உலகெங்கும் பயன்படுகிறது. சதுர அடைப்பு, இருவர் பேச்சும் ஒன்றன்மேல் ஒன்று படியத் தொடங்கும் இடத்தைக் காட்டும். அடைப்புக்குள் உள்ள எண், மௌனம் எத்தனை நொடி நீடித்தது என்பதைக் காட்டும். அடைப்புக்குள் புள்ளி மிகச் சிறிய நிறுத்தம். முக்காற்புள்ளிகள் ஒலி நீள்வதைக் குறிக்கும். சமக்குறி, இரண்டு பேச்சுகளுக்கு இடையே சிறிதும் இடைவெளி இல்லை என்பதைக் குறிக்கும்.

1 மாலா: நேத்து ஃபோன் பண்ணேனே எடுக்கவே இ[ல்ல
2 ரவி: [ஐயோ (.) சைலன்ட்ல இருந்துது
3 (0.6)
4 மாலா: ம்:::
5 ரவி: நெசமா=
6 மாலா: =சரி விடு

சொற்களை மட்டும் எழுதியிருந்தால் இது ஒரு விசாரிப்பும் சமாதானமும் மட்டுமே. மூன்றாம் வரியின் மௌனத்தையும் நான்காம் வரியின் நீண்ட 'ம்'மையும் பார்க்கும்போதுதான், மாலா அதை நம்பவில்லை என்பதும், ஐந்தாம் வரியில் ரவி ஏன் "நெசமா" என்று உறுதி சொல்ல நேர்ந்தது என்பதும் விளங்குகின்றன. நம்பவில்லை என்று மாலா வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

தமிழில் படியெடுப்போர் எதிர்கொள்ளும் தனிச்சிக்கல் இரட்டை வழக்கு ஆகும். ஒரே சமூகத்தில் எழுத்துக்கும் மேடைக்கும் ஒரு வழக்கும், அன்றாடப் பேச்சுக்கு வேறொரு வழக்கும் நிலவுவதை இது குறிக்கும். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரை இக்கருத்தைப் பரவலாக்கியது. அரபு, நவீன கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹெயிட்டியின் கிரியோல் ஆகியவை அவர் எடுத்துக்கொண்ட நான்கு சான்றுகள். தமிழும் இதற்குப் பொருத்தமான மொழியே. பள்ளியில் எழுதப் பழகிய கை, "வந்துட்டாராம்ல" என்று காதில் விழுந்ததை "வந்துவிட்டாராம் அல்லவா" என்று தன்னையறியாமல் திருத்திவிடும். அத்திருத்தத்தில் பேச்சின் வேகமும் நெருக்கமும் தொலைந்துபோகும். ஆகவே கேட்டதைக் கேட்டபடி எழுதுவதே படியெடுப்பின் முதல் விதி.

முறை, முறைமாற்றம்

முறை: ஒருவர் பேசத் தொடங்கி, பேச்சு வேறொருவருக்குக் கைமாறும் வரையுள்ள பகுதி. "இப்ப உன் முறை" என்று விளையாட்டில் சொல்லும் அதே பொருளில்தான் இச்சொல் இங்கே ஆளப்படுகிறது. ஒரு முறை நீண்ட கதையாகவும் இருக்கலாம்; "ம்" என்ற ஓரெழுத்தாகவும் இருக்கலாம்.

முறை அலகு: ஒரு முறையைக் கட்டும் கூறு. முழு வாக்கியம், சொற்றொடர், தனிச்சொல் எதுவும் அலகாகலாம். "எங்க?" என்பது இலக்கணப்படி முழுமையற்றது, உரையாடலில் அது முழுமையான அலகு.

மாற்றத்திற்குரிய இடம்: ஓர் அலகு முடிந்து, பேச்சு அடுத்தவருக்குச் செல்லக்கூடிய புள்ளி. செல்லக்கூடிய இடம் என்பதே இதன் பொருள். சென்றே ஆகவேண்டும் என்பதில்லை.

1974ஆம் ஆண்டுக் கட்டுரை முன்வைத்த விதிகள் எளியவை. பேசிக்கொண்டிருப்பவர் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்திருந்தால், அவரே பேசவேண்டும். அப்படித் தேர்ந்தெடுக்காவிட்டால், யார் முந்துகிறாரோ அவருக்கு முறை. யாரும் முந்தாவிட்டால், பேசிக்கொண்டிருப்பவரே தொடரலாம். ஒவ்வொரு மாற்றத்திற்குரிய இடத்திலும் இவ்விதிகள் மீண்டும் செயல்படும். தேர்ந்தெடுப்பது பெயர் சொல்லி அழைப்பதால் மட்டும் நிகழ்வதன்று. பார்வை போதும்; விளியும் போதும். பந்தியில் "தம்பி, இங்க கொஞ்சம் ரசம்" என்றால், பரிமாறுபவர் பலர் இருந்தாலும் யாருக்கு முறை என்பது தெளிவு.

முன்கணிப்பு: ஒருவர் பேசி முடிக்கும் முன்பே, எங்கே முடிப்பார் என்று கேட்பவர் ஊகிப்பது. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் தொடரின் இறுதியில் வரும். காலம், எதிர்மறை, மரியாதை, 'ஆ' என்ற வினா விகுதி ஆகியவையும் அங்கேயே சேரும். ஆயினும் கேட்பவர் கடைசி எழுத்து வரை காத்திருப்பதில்லை. "மழ பெஞ்சா..." என்று ஒருவர் இழுத்தால், "மேட்ச் இருக்காது" என்று மற்றவர் முடித்துவிடுகிறார். 'பெஞ்சா' என்ற நிபந்தனை வடிவமே, இன்னொரு பகுதி வரவிருக்கிறது என்று அறிவித்துவிடுகிறது. இவ்வாறு ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடிப்பது கூட்டு நிறைவு எனப்படும்.

மேற்படிதல், குறுக்கீடு: இவ்விரண்டும் ஒன்றல்ல. இருவர் பேச்சு ஒரே நேரத்தில் ஒலித்தால் அது மேற்படிதல். முன்கணிப்பு சற்று முந்திவிட்டாலே இது நேரும். மேலே மாலா, ரவி உரையாடலின் முதல் இரு வரிகளில் நிகழ்ந்தது இதுதான். மாற்றத்திற்குரிய இடம் வருமுன்பே ஒருவர் புகுந்து முறையைப் பறித்தால் மட்டுமே அது குறுக்கீடு. முன்னது பெரும்பாலும் ஆர்வத்தின் அடையாளம்; பின்னதையே மனிதர்கள் குற்றமாகக் கருதுகிறார்கள்.

மௌனத்தின் வகைகள்: ஒருவரது முறைக்குள்ளேயே வரும் மௌனம் நிறுத்தம். ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் வரையுள்ள மௌனம் இடைவெளி. பேச்சே ஓய்ந்து யாரும் தொடராத நீண்ட மௌனம் ஓய்வு.

டான்யா ஸ்டைவர்சும் பிறரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, பத்து மொழிகளில் ஆம்–இல்லை வினாக்களுக்கு விடை வரும் நேரத்தை அளந்தது. சராசரி இடைவெளி ஏறத்தாழ 200 மில்லி நொடி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஜப்பானிய மொழியில் சராசரி 7 மில்லி நொடி; டேனிய மொழியில் 469 மில்லி நொடி. மொழிகளுக்கிடையே வேறுபாடு உண்டெனினும் அது அரை நொடிக்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஆய்வில் தமிழ் இடம்பெறவில்லை.

இணைக்கூற்று

இணைக்கூற்று என்பது இருவர் அடுத்தடுத்துச் சொல்லும், ஒன்று வந்தால் மற்றது வரவேண்டிய இரு கூற்றுகள். வினா–விடை, வணக்கம்–பதில் வணக்கம், அழைப்பு–ஏற்பு அல்லது மறுப்பு, குற்றச்சாட்டு–மறுப்பு அல்லது ஒப்புதல் ஆகியவை சான்றுகள். முதற்கூற்று வந்துவிட்டால் இரண்டாம் கூற்று எதிர்பார்க்கப்படும். அது வராவிட்டால் அந்த இன்மையே கண்ணில் படும். வணக்கம் சொன்னவருக்குப் பதில் வராவிட்டால், "பாத்தும் பாக்காத மாதிரி போறார்" என்று அதற்குப் பொருள் கற்பிக்கப்படும்.

இடைச்செருகல் தொடர்: முதற்கூற்றுக்கும் இரண்டாம் கூற்றுக்கும் நடுவே நுழையும் வேறு இணை.

வாங்குபவர்: அண்ணே, பொன்னி அரிசி இருக்கா?
கடைக்காரர்: எத்தனை கிலோ வேணும்?
வாங்குபவர்: அஞ்சு கிலோ.
கடைக்காரர்: இருக்கு, தரேன்.

கடைக்காரர் கேள்விக்குக் கேள்வி கேட்டாலும் அவர் தட்டிக்கழிக்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. விடை சொல்ல அவருக்கு அந்தத் தகவல் தேவை என்பதை இருவரும் அறிவர். விடை கைவிடப்படவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

முன்தொடர்: முதன்மையான செயலுக்கு வழிபார்க்கும் கூற்று. "நாளைக்கு ஃப்ரீயா இருக்கியா?" என்பது தகவலுக்காகக் கேட்கப்படுவது அரிது. பின்னால் ஓர் அழைப்போ வேலையோ வருகிறது என்பது கேட்பவருக்குத் தெரியும், அதனால்தான் "ஏன்?" என்ற எதிர்வினா பிறக்கிறது.

முன்னுரிமை அமைப்பு

இரண்டாம் கூற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாய்ப்புகள் உண்டு. அழைப்பை ஏற்கலாம், மறுக்கலாம். இரண்டும் ஒரே வடிவில் வருவதில்லை. "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்களேன்" என்ற அழைப்புக்கு ஏற்பு என்றால், "கண்டிப்பா வரோம்" என்று உடனே, சுருக்கமாக வரும். மறுப்பு என்றால், சிறு மௌனம், "ம்ம்...", "வரலாம்தான்", ஒரு காரணம், இறுதியாக "பாக்கறேன்" என்று சுற்றிக்கொண்டு வரும். 'இல்லை' என்ற சொல் வராமலேயே மறுப்பு முடிந்துவிடும். நேராக, தாமதமின்றி வரும் வடிவத்தை முன்னுரிமை பெற்ற விடை என்றும், தயங்கிக் காரணத்தோடு வரும் வடிவத்தை முன்னுரிமை பெறாத விடை என்றும் கூறுவர்.

இச்சொல் உள்ளத்து விருப்பத்தைக் குறிப்பதன்று. மனமின்றி ஏற்பவரும் உடனே ஏற்கிறார்; மகிழ்ச்சியோடு மறுப்பவரும் தயங்கியே மறுக்கிறார். விடையின் வடிவமே இங்குப் பேசப்படுகிறது. மாணவர் பெரிதும் தடுமாறும் இடம் இது.

தமிழ் இலக்கண மரபில் இதனோடு ஒப்பிடத்தக்க ஒரு பகுப்பு உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுக்கிறது. சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன எட்டு விடைகள். "கோலம் போடுவியா?" என்ற வினாவுக்கு "போடுவேன்" என்பது நேர், "போடமாட்டேன்" என்பது மறை, "நீயே போடு" என்பது ஏவல், "போடாம இருப்பேனா?" என்பது வினா எதிர் வினாதல், "கை வலிக்குது" என்பது உற்றது உரைத்தல், "கை வலிக்கும்" என்பது உறுவது கூறல், "வாசல் தெளிக்கிறேன்" என்பது இனமொழி. இறுதி ஐந்தும் நேரடி விடை அல்ல. ஆயினும் விடைப்பொருளைத் தருவதால் அவையும் விடையே என்று நன்னூல் ஏற்கிறது. அவற்றுள் உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய மூன்றையும் உரையாடல் பகுப்பாய்வின் கண்ணோடு பார்த்தால், முன்னுரிமை பெறாத விடையின் பகுதியாக வரத்தக்கவை அவை என்பது புலப்படும். நன்னூல் விடையின் வகையைச் சொல்கிறது. புதிய துறை அது எவ்வளவு தாமதித்து, எந்த முன்னொட்டுகளோடு வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது.

சீராக்கம்

பேசுவதிலோ கேட்பதிலோ புரிந்துகொள்வதிலோ தடை ஏற்படும்போது அதைச் சரிசெய்யும் செயல் சீராக்கம். பிழை திருத்தம் இதன் ஒரு பகுதி மட்டுமே. பிழையே இல்லாதபோதும் பேருந்து இரைச்சலில் கேட்காமல் போகலாம்; பெயர் நினைவுக்கு வராமல் போகலாம். தடையைச் சுட்டியவர் யார், சரிசெய்தவர் யார் என்பதைக் கொண்டு இது நான்கு வகைப்படும்.

1. தானே சுட்டித் தானே சரிசெய்தல்: "செவ்வா... இல்ல, புதன்கெழம வா."
2. தான் சுட்ட, பிறர் சரிசெய்தல்: "அவர் பேரு... என்னவோ வருமே..." – "முருகேசனா?"
3. பிறர் சுட்ட, தானே சரிசெய்தல்: "மாமா வந்தாரு." – "யாரு?" – "திருச்சி மாமா."
4. பிறரே சுட்டிப் பிறரே சரிசெய்தல்: "கல்யாணம் புதன்கெழம." – "புதன் இல்லம்மா, வியாழன்."

ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் மூவரும் 1977இல் எழுதிய கட்டுரை, உரையாடல் முதல் வகைக்கே அதிக வாய்ப்பளிக்கும் வகையில் அமைந்துள்ளது என்று காட்டியது. பிறர் தவற்றை நேரே திருத்துவதற்கு முன், "புதனா?" என்று கேட்டு, சொன்னவரே திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுக்கப்படுகிறது.

பிறர் சுட்டும் சொற்களிலும் படிநிலை உண்டு. "ஆங்?", "என்னது?" என்பவை தடை எங்கே என்று காட்டாமல் முழுவதையும் திரும்பக் கேட்பவை. "யாரு?", "எங்க?" என்பவை தடையின் இடத்தைக் குறுக்குகின்றன. "திருச்சி மாமாவா?" என்பது புரிந்ததைச் சொல்லி உறுதிப்படுத்தக் கேட்பது. மார்க் டிங்கமான்சேயும் பிறரும் 12 மொழிகளை ஒப்பிட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, இயல்பான உரையாடலில் சராசரியாக 1.4 நிமிடத்திற்கு ஒருமுறை இத்தகைய சீராக்கம் கோரப்படுகிறது. புரியாமை பேச்சின் கோளாறு அன்று. பேச்சு அதற்கான கருவிகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

உம் கொட்டுதலும் பிற சிறுசொற்களும்

கேட்பவர் முறையைப் பறிக்காமல், "கேட்டுக்கொண்டிருக்கிறேன், தொடருங்கள்" என்று உணர்த்தும் சிற்றொலிகளை மொழியியலாளர் விக்டர் யிங்வே 1970இல் தனியே பெயரிட்டுச் சுட்டினார். தமிழில் இதற்கு உம் கொட்டுதல் என்ற வழக்கு நெடுநாளாக உண்டு. கதை சொல்லும் பாட்டி, "உம் கொட்டினாத்தான் சொல்லுவேன்" என்பார். கேட்பவர் சும்மா இருப்பதில்லை, அவரும் உரையாடலைக் கட்டுகிறார் என்ற கருத்து அவ்வழக்கிலேயே அடங்கியிருக்கிறது.

இவற்றுள்ளும் வேறுபாடு உண்டு. "ம்", "சரி" ஆகியவை தொடரச் சொல்பவை. "ஓ", "அப்படியா!" ஆகியவை இதுவரை அறியாததை இப்போது அறிந்ததாகக் காட்டுபவை, இவை அறிநிலை மாற்றக் குறிகள் எனப்படும். "வந்து", "இந்த" போன்றவை சொல் தேடும்போது முறையைக் கைவிடாமல் பிடித்துவைப்பவை. "தானே", "இல்லையா" போன்றவை கேட்பவரின் ஒப்புதலை நாடுபவை. இவற்றைப் பொருளற்ற அசைகள் என்று படியெடுப்பில் விட்டுவிட்டால் உரையாடலின் மூட்டுகளையே கழற்றிவிட்டதாகும்.

தொடக்கமும் முடிவும்

ஷெக்லாஃப் 1968இல் வெளியிட்ட ஆய்வு, தொலைபேசி அழைப்பின் தொடக்கத்தை ஆராய்ந்தது. அழைக்கப்பட்டவரே முதலில் பேசுவார் என்ற விதி, அவர் பார்த்த சுமார் 500 அழைப்புகளில் ஒன்றே ஒன்றுக்குப் பொருந்தவில்லை. அந்த ஒன்றை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. தொலைபேசி மணியே ஒரு விளி, "ஹலோ" அதற்கான விடை என்று விதியை மாற்றி அமைத்தார். விடை வராதபோது அழைத்தவர் மீண்டும் விளிக்கிறார் என்று அந்த ஒற்றை அழைப்பும் விளங்கியது. இவ்வாறு பொருந்தாத ஒன்றைக் கொண்டு விதியைச் செம்மைப்படுத்துவது விலகல் நேர்வுப் பகுப்பாய்வு எனப்படும்.

முடிவும் திடீரென வருவதில்லை. "சரி...", "அப்புறம்?", "வேற என்ன?" என்பவை முடிவுக்கு முன் வரும் கூற்றுகள். இன்னும் பேச ஏதேனும் இருந்தால் இப்போது சொல்லலாம் என்ற வாய்ப்பை இவை திறந்து வைக்கின்றன. எதுவும் இல்லையென்றால், "சரி, வச்சிடவா?" – "ம், வச்சிடு" என்று இருவரும் உடன்பட்டு முடிக்கிறார்கள். நேரில் விடைபெறும்போது தமிழர் "போறேன்" என்று சொல்லாமல் "போயிட்டு வரேன்" என்று சொல்வதும், "வாங்க" என்று பதில் பெறுவதும் இத்தகைய முடிவு இணையே.

அண்டைத் துறைகளின் சொற்கள்

பேச்சுச் செயல்: வாக்குறுதி, மன்னிப்பு, எச்சரிக்கை முதலியன சொல்வதாலேயே செய்யப்படுபவை என்ற கருத்து. ஜே. எல். ஆஸ்டின், ஜான் சர்ள் ஆகிய மெய்யியலாளர்கள் வளர்த்தது.

உட்கிடை: வெளிப்படையாகச் சொல்லாமல் உணர்த்தப்படும் பொருள். பேசுவோர் ஒத்துழைக்கிறார்கள் என்ற எதிர்பார்ப்பின் மேல் இது பிறக்கிறது என்று பால் கிரைஸ் விளக்கினார்.

முகம்: பிறர் முன் ஒருவர் காக்க விரும்பும் மதிப்பு. "மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டார்" என்ற வழக்கு இதற்கு மிக அருகில் நிற்கிறது. கோஃப்மன் தொடங்கிய இக்கருத்தைப் பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் பணிவு பற்றிய கோட்பாடாக விரித்தனர். அக்கோட்பாடு மூன்று மொழிகளின் தரவுகளை முதன்மையாகக் கொண்டது: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், கோயம்புத்தூர் வட்டாரக் கிராமம் ஒன்றில் லெவின்சன் திரட்டிய தமிழ். நீ–நீங்க வேறுபாடும், உறவுமுறை விளிகளும், பணிந்து பேசும் வடிவங்களும் உலகளாவிய ஒரு கோட்பாட்டுக்குச் சான்றாயின.

சூழல்குறி: சொன்னதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று காட்டும் குரலின் ஏற்ற இறக்கம், வேகம், மொழிமாற்றம் முதலியன. இதை முன்வைத்த ஜான் கம்பர்ஸ் தரும் சான்று புகழ்பெற்றது. பிரிட்டனில் ஒரு விமான நிலைய உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் முரட்டுத்தனமாக நடப்பதாகப் புகார் எழுந்தது. உணவு பரிமாறும்போது அவர்கள் சொன்னது "கிரேவி" என்ற ஒரே சொல். ஆங்கிலேயர் அதைக் குரல் ஏற்றிக் கேள்வியாகச் சொல்வர். இவர்கள் குரல் தாழ்த்தி முடித்தனர். இவர்களுக்கு அது இயல்பான உபசரிப்பு. எதிரே நின்றவர்களுக்கு, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்பதுபோல் ஒலித்தது. பதிவைக் கேட்டு ஒப்பிட்ட பின்பே, குற்றம் குணத்தில் இல்லை, தொனியில் என்பது இரு தரப்புக்கும் தெரிந்தது.

பயன்பாடு

அரிசிக் கடையில் இயல்பாக நிகழும் இடைச்செருகல் தொடர், வேறோர் இடத்தில் உயிர்ப்பிரச்சினையாகலாம். 1984இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒருவர், மூச்சுவிடத் திணறும் தம் மாற்றாந்தாய்க்கு ஆம்புலன்ஸ் கேட்டு அவசர எண்ணை அழைத்தார். அழைப்பை ஏற்ற செவிலியர், வழக்கப்படி நோயாளியின் நிலை குறித்துக் கேள்விகள் கேட்டார். செவிலியருக்கு அவை முடிவெடுக்கத் தேவையான இடைச்செருகல். அழைத்தவருக்கோ உதவியைத் தடுக்கும் மறுப்பு. அவர் சினந்தார், அச்சினம் ஒத்துழையாமையாகக் கொள்ளப்பட்டது, பேச்சு வாக்குவாதமாயிற்று. ஆம்புலன்ஸ் தாமதமாயிற்று, அந்தப் பெண்மணி இறந்துவிட்டார். 1988இல் இவ்வழைப்பை வரிவரியாக ஆராய்ந்த ஜாக் வேலன், டான் சிம்மர்மன், மெரிலின் வேலன் ஆகியோர், தனிமனிதரின் குணத்தை மட்டும் வைத்து இதை விளக்கிவிட முடியாது என்றனர். இருவரும் ஒரே அழைப்பில் இருவேறு செயல்களில் ஈடுபட்டிருந்தனர். ஒவ்வொரு முறையும் அந்தப் பிளவை அகலமாக்கியது.

ஒரு சொல்லை மாற்றினால் விளைவும் மாறும் என்பதற்கு மருத்துவத் துறையில் சான்று உண்டு. நோயாளிக்கு வேறு குறைகளும் இருக்கின்றனவா என்று மருத்துவர் கேட்கும்போது, ஆங்கிலத்தில் 'எனிதிங்' என்ற சொல்லை வைத்தும் 'சம்திங்' என்ற சொல்லை வைத்தும் கேட்கலாம். முன்னது 'இல்லை' என்ற விடைக்குச் சாய்வது. பின்னது 'ஆம்' என்ற விடைக்குச் சாய்வது. ஜான் ஹெரிட்டேஜும் பிறரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 'சம்திங்' என்று கேட்டபோது, சொல்லப்படாமல் போகும் குறைகள் 78 விழுக்காடு குறைந்தன. இதைத் தமிழில் எண்ணிப் பார்ப்பது கடினமன்று. "வேற ஒண்ணும் இல்லையே?" என்ற வினா 'இல்லை' என்ற விடையைக் கையில் கொடுத்துவிடுகிறது. "வேற என்ன பண்ணுது, சொல்லுங்க" என்பது இன்னொரு குறை இருப்பதாகவே கொண்டு கேட்கிறது.

தமிழ்ப் பேச்சை ஆராயப் புகும் மாணவர் ஐந்து நிமிடப் பதிவு ஒன்றிலிருந்தே தொடங்கலாம். ஒப்புதல் பெற்றுப் பதிவுசெய்து, கேட்டபடி படியெடுத்து, ஒவ்வொரு முறையையும் எடுத்துக்கொண்டு, இது ஏன் இங்கே வந்தது, இது என்ன செய்கிறது, அடுத்தவர் இதை எவ்வாறு எடுத்துக்கொண்டார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். மேலே விளக்கப்பட்ட கலைச்சொற்கள் அக்கேள்விகளுக்கு விடை காணும் கருவிகள்.